அயல் மண்ணில் ஒரு கொலை

துப்பறியும் கதை பிறந்ததே அயல்நாட்டில்தான். 1841-இல் எட்கர் ஆலன் போ பிலடெல்பியாவில் இருந்துகொண்டு எழுதிய 'ரூ மார்க் கொலைகள்' பாரிஸில் நடக்கிறது. போ பாரிஸைக் கண்ணால் கண்டதில்லை. தலைப்பில் வரும் தெருவும் அந்த நகரத்தில் இல்லை. அதையடுத்து அவர் எழுதிய 'மேரி ரோஜே மர்மம்' இன்னும் ஒரு படி போகிறது. நியூயார்க்கில் புகையிலைக் கடையில் வேலை பார்த்த மேரி ராஜர்ஸ் என்ற இளம்பெண்ணின் உடல் 1841-இல் ஹட்சன் ஆற்றில் கிடைத்தது. அந்த உண்மை வழக்கை எடுத்து, ஹட்சனை சேன் நதியாக்கி, ஆட்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்து எழுதினார் போ.

ஏன் பாரிஸ்? புதுமைக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. திருடனாக இருந்து போலீஸ் துப்பறிவாளர் படையின் தலைவரான விடோக், 1828-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் அப்போது எங்கும் படிக்கப்பட்டன. பாரிஸில் துப்பு துலக்கவென்றே ஒரு போலீஸ் பிரிவு இருந்தது. நியூயார்க்கிலோ முறையான போலீஸ் படை 1845-இல்தான் வந்தது. குற்றத்தைப் பிடிக்கும் எந்திரம் எந்த ஊரில் இருந்ததோ, அந்த ஊருக்குப் போ தன் கதையைக் கொண்டுபோனார்.

அயல்நாட்டில் நடக்கும் குற்ற நாவல் என்ற இந்தப் பெரிய வகையை நிறுத்துப் பார்க்க இதுவே சரியான இடம் என்பது என் எண்ணம். வெனிஸ், மாஸ்கோ, பம்பாய், கபரோனே என்று எத்தனையோ ஊர்களில் வெளியூர்க்காரர்கள் பிணங்களைக் கிடத்தியிருக்கிறார்கள். அவற்றைப் பற்றிய பேச்சில் முதலில் எழுவது, எழுதியவருக்கு அந்த ஊர் எவ்வளவு தெரியும், எத்தனை வருஷம் அங்கே வாழ்ந்தார் என்ற கேள்விதான். அது அத்தனை முக்கியமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் கேட்பது வேறு. இந்தக் கொலை வேறு ஊரில் நடந்திருக்க முடியுமா? முடியும் என்றால் அந்த நாடு வெறும் திரைச்சீலை. முடியாது என்றால் அந்த நாட்டின் சட்டமும் பயமும் பணமும் கதைக்குள் வந்துவிட்டன என்று பொருள்.

பேரரசுக் காலத்து இங்கிலாந்து எழுத்தாளர்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அவர்களுக்கு அயல்நாடு என்பது குற்றம் கிளம்பி வரும் திசை. கானன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' (1890) ஆக்ரா கோட்டைப் புதையலில் தொடங்கி, அந்தமான் வழியாக லண்டன் தேம்ஸ் நதியில் முடிகிறது. அதில் வரும் சீக்கியர்களுக்கு மஹோமத் சிங் என்றும் அப்துல்லா கான் என்றும் பெயர். அந்தமான் தீவுக்காரன் டோங்கா நச்சு முள் ஊதும் குள்ளனாகவும் நரமாமிசம் தின்பவனாகவும் வருகிறான். அந்தமான் பழங்குடிகள் வில்லும் அம்பும் ஏந்தியவர்கள். நரமாமிசம் என்பது அவர்கள்மேல் கட்டப்பட்ட கதை. கோடிக்கணக்கானோர் படித்த இந்த நாவல் அந்த மக்களுக்குச் செய்த அநியாயத்தை, அது விறுவிறுப்பான நாவல் என்பதற்காக மறந்துவிடக் கூடாது. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, கதையில் சீனர் எவரும் வரக்கூடாது என்பதையும் ஒரு விதியாக வைத்தார். மர்மச் சீனன் என்ற வில்லன் அந்த அளவுக்கு மலிந்து சலித்துப்போயிருந்தான்.

அகதா கிறிஸ்டியின் விஷயம் நுட்பமானது. 1930-இல் தொல்லியலாளர் மேக்ஸ் மல்லோவனை மணந்த பிறகு ஈராக்கிலும் சிரியாவிலும் அகழ்வாராய்ச்சி முகாம்களில் பருவம் பருவமாகத் தங்கியவர். நிம்ருத் அகழ்வில் கிடைத்த தந்தச் சிற்பங்களைத் தன் முகப்பூச்சுக் கிரீமைத் தடவிச் சுத்தம் செய்தவர். ஆனாலும் 'மர்டர் இன் மெசபடோமியா' (1936), 'டெத் ஆன் த நைல்' (1937) இரண்டிலும் கிழக்கு நாடு ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது. கப்பலில் ஏறிய மேல்நாட்டுப் பயணிகளுக்குள்ளேயே காதல், சொத்து, பொறாமை, கொலை எல்லாம் முடிந்துவிடுகின்றன. சந்தேகப்படுகிற அளவுக்குக்கூட ஓர் எகிப்தியர் நம் கவனத்துக்கு வருவதில்லை. நைல் கொலையை ஸ்காட்லாந்து ஏரி ஒன்றில் மிதக்கும் படகுக்கு மாற்றினாலும் முடிச்சு அவிழாது.

அவரே இதைத் தாண்டிய ஒரு புத்தகம் உண்டு. 'டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்' (1944), ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தில் நடக்கிறது. கல்லறைப் பூசகர் ஒருவர் இளம் ஆசைநாயகியை வீட்டுக்கு அழைத்து வருகிறார், பிள்ளைகளும் மருமகள்களும் கொதிக்கிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அந்தக் காலத்துக் குடும்பத் தலைவர் ஒருவர் எழுதிய உண்மைக் கடிதங்கள் அவருக்குத் தூண்டுதலாக இருந்தன. கதையில் ஒரே ஓர் ஆங்கிலேயர்கூட இல்லாததால் ஒளிந்துகொள்ள இடமில்லாமல், அந்த வீட்டின் சோறு, சொத்து, அதிகாரம் ஆகியவற்றைக் கிறிஸ்டி நேராகப் பார்க்க வேண்டியதாயிற்று. அவருடைய அயல்நாட்டு நாவல்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

ஓர் அயலவர் இன்னொரு நாட்டின் நீதி முறையை உள்ளிருந்து எழுதிக் காட்டியதற்கு முன்மாதிரி என்றால் ராபர்ட் வான் குலிக்கைத்தான் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் தூதரக அதிகாரியான அவர் சீன மொழியில் ஆழ்ந்த புலமை உள்ளவர். 18-ஆம் நூற்றாண்டுச் சீனத் துப்பறியும் நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1949-இல் டோக்கியோவில் வெளியிட்டார். அதன் நாயகர் தாங் அரச காலத்தில் உண்மையாக வாழ்ந்த நீதிபதி தீ. மேல்நாட்டு மலிவு நாவல்களைப் பார்த்து எழுதுவதைவிட இந்த மரபில் எழுதலாமே என்று ஆசிய எழுத்தாளர்களுக்கு வழிகாட்ட நினைத்து, கடைசியில் அவரே எழுதத் தொடங்கினார்.

பழைய சீனத்தில் மாவட்ட நீதிபதியே புலனாய்வாளர், அவரே வழக்கு நடத்துபவர், அவரே தீர்ப்பளிப்பவர். குற்றவாளி வாயால் ஒப்புக்கொள்ளாமல் தண்டனை கிடையாது. சித்திரவதைக்கு அனுமதி உண்டு. ஆனால் தவறான ஆளை வதைத்தது தெரியவந்தால் நீதிபதியின் கழுத்துக்கே ஆபத்து. இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் கதை தானாகவே வேறு வடிவம் எடுக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் யாரென்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு விலகிவிடலாம். நீதிபதி தீ விலக முடியாது. அவரிடம் ஒரே சமயத்தில் மூன்று வழக்குகள் கிடக்கும், ஒவ்வொன்றிலும் அவர் பதவி தொங்கும். வான் குலிக் தாங் காலத்து மனிதரைப் பல நூற்றாண்டு பிந்திய மிங் காலத்துப் பழக்கவழக்கங்களோடு எழுதினார் என்பது தெரிந்த விஷயம். அவரே அதைச் சொல்லியும் இருக்கிறார். காலம் பிசகினாலும் நீதியின் எந்திரம் பிசகவில்லை.

இனி என் வாதத்துக்கு முக்கியமான இரண்டு பேர். இருவரும் தாங்கள் எழுதிய நாட்டை ஏறக்குறைய பார்க்காதவர்கள்.

ஹெச். ஆர். எஃப். கீட்டிங் லண்டன்வாசி. அவருடைய நாவல்கள் அமெரிக்காவில் விலைபோகாத அளவுக்கு இங்கிலாந்துத்தனமாக இருக்கின்றன என்று தெரிந்ததும் வேறு களம் தேடி, இந்தியாவைத் தேர்ந்தார். 1964-இல் 'தி பெர்ஃபெக்ட் மர்டர்' வந்தது. பம்பாய் சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர் கணேஷ் கோட்டே பிறந்தார்; பிரிட்டனின் தங்கக் கத்தி விருதும் கிடைத்தது. வரைபடங்களையும் புத்தகங்களையும் வைத்துக்கொண்டே பத்து ஆண்டு எழுதிய பிறகுதான் கீட்டிங் முதன்முதலாக பம்பாயில் கால் வைத்தார். அவர் பாத்திரங்கள் பேசும் இந்திய ஆங்கிலம் பக்கத்துக்குப் பக்கம் ஒரே அச்சில் வார்த்தது. நம் காதுக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆங்கில வாசகரைச் சிரிக்க வைக்கவே அந்தப் பேச்சு என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் உண்டு. முடிச்சுகளும் பெரும்பாலும் இங்கிலாந்துப் பங்களாவுக்குப் பொருந்தக்கூடியவைதான்.

ஆனாலும் கோட்டேயை என்னால் ஒதுக்க முடியவில்லை. மேலதிகாரி கூப்பிட்டால் அவருக்கு வயிறு கலங்குகிறது. செல்வாக்குள்ள ஆளின் வீட்டுக்குள் போய்க் கேள்வி கேட்கும்போது, கேட்பவர் தானா அவரா என்று குழம்பிப்போகிறார். நேர்மையாக இருக்க விரும்புகிறார். அதற்கான துணிச்சலை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் காவல் நிலையத்தில் எழுதுகிற சப்-இன்ஸ்பெக்டரின் முகத்தில் பார்க்கக்கூடிய பயம்தான் அது. பம்பாயைப் பார்க்காமலே அதை எப்படிப் பிடித்தார்? அதிகாரத்தின் படிக்கட்டில் நடுவில் நிற்கும் ஒரு சின்ன அரசு ஊழியரை மனதில் வைத்து எழுதினார். அந்தப் படிக்கட்டு பம்பாயிலும் இருந்தது. ஊர் தப்பிப்போன பல இடங்களில் அந்த மனிதர் தப்பவில்லை.

மார்ட்டின் குரூஸ் ஸ்மித் 1973-இல் சிறிது காலம் மாஸ்கோவில் சுற்றினார். ரஷ்ய மொழி தெரியாது. மாஸ்கோ வரும் அமெரிக்க அதிகாரி ஒருவர் துப்பு துலக்குவதாகத்தான் முதலில் திட்டம். ஊரைப் பார்த்த பிறகு நாயகன் ரஷ்யனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். பதிப்பாளர் ஒப்பவில்லை. ஸ்மித் விட்டுக்கொடுக்கவில்லை, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார், அமெரிக்காவில் குடியேறிய ரஷ்யர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 1981-இல் 'கார்க்கி பார்க்' வெளிவந்தது. அமெரிக்கா–சோவியத் பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ஒரு மாஸ்கோ புலனாய்வாளர், ஆர்கடி ரென்கோ, அமெரிக்க வாசகரின் மனசாட்சிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோவியத் அரசு புத்தகத்தைத் தடை செய்தது.

பூங்காவின் உறைபனிக்கு அடியில் மூன்று உடல்கள்; முகங்கள் சிதைக்கப்பட்டு, விரல் நுனிகள் வெட்டப்பட்டு. வேரைத் தேடிப்போனால் சேபிள் என்ற சிறு விலங்கின் ரோமத்துக்கு வந்து சேர்கிறோம். உலகச் சந்தையில் அந்த ரோமத்தின் ஏகபோகம் சோவியத் அரசின் கையில். உயிருள்ள விலங்கு நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. அந்த ஏகபோகத்தை உடைக்க ஓர் அமெரிக்க வணிகர் விரும்புகிறார். கொலைக்குக் காரணம் அந்த அரசின் பொருளாதாரத்துக்குள்ளேயே இருக்கிறது. விசாரணையிலும் அதே கதைதான்: இது சாதாரணக் கொலையா, கே.ஜி.பி. கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய விவகாரமா என்பதே முதல் அத்தியாயத்திலிருந்து ரென்கோவின் தலைவலி. உண்மை தெரிந்தால் வழக்கு தன் கையைவிட்டுப் போய்விடும், தெரியாவிட்டால் செத்தவர்களுக்கு யாரும் இல்லை. இந்தக் கொலையை வேறெந்த ஊருக்கும் மாற்ற முடியாது. இந்த வகையில் எழுதப்பட்ட நாவல்களிலேயே இதற்குத்தான் என் முதலிடம். ஸ்மித் 2025-இல் இறக்கும்வரை ரென்கோவைத் தொடர்ந்து எழுதினார். கடலில் மீன்பிடிக் கப்பல், சரிந்துவிழும் சோவியத், செர்னோபில் என்று அந்த நாட்டின் நாற்பதாண்டுச் சரிவும் மாற்றமும் அந்த வரிசையில் இருக்கின்றன.

பார்க்காதவர்களிலேயே இவ்வளவு வேறுபாடு. வாழ்ந்தவர்களைப் பார்ப்போம்; அதற்கு இத்தாலி வசதியான இடம்.

டோனா லியோன் அமெரிக்கர். வெனிஸில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். 1992-இல் வந்த முதல் நாவலில், லா ஃபெனிசே இசை அரங்கில் புகழ்பெற்ற ஜெர்மன் நடத்துநர் ஒருவர் இடைவேளையில் சயனைடு கலந்த காப்பியைக் குடித்துச் சாகிறார். அது நன்றாகக் கட்டப்பட்ட புதிர். ஆனால் எந்த இசை அரங்கிலும் நடந்திருக்கலாம். அடுத்த ஆண்டு வந்த 'டெத் இன் எ ஸ்ட்ரேஞ்ச் கன்ட்ரி'தான் அவருடைய உண்மையான தொடக்கம். கால்வாயில் மிதக்கும் அமெரிக்கப் படைவீரரின் உடலைத் தொடர்ந்துபோகும் கமிசாரியோ புருனெட்டி, நச்சுக் கழிவை இத்தாலிய மண்ணில் கொட்டும் வணிகத்துக்கும், அதை மூடி மறைக்கும் ராணுவ, அரசியல் கைகளுக்கும் வந்து சேர்கிறார். யார் செய்தார்கள் என்று தெரிகிறது. சட்டத்தால் தொட முடியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியோடும் பிள்ளைகளோடும் சாப்பிடுகிறார். அந்தச் சாப்பாட்டு மேசைக்காகவே வாங்கும் வாசகர்கள் ஏராளம். அந்த மேசையைச் சுற்றியுள்ள கையாலாகாத கோபம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லியோன் தன் நாவல்களை இத்தாலிய மொழியில் வெளியிட அனுமதித்ததில்லை. தான் வாழும் ஊரில் பிரபலமாக இருக்க விருப்பமில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதை நம்புகிறேன். ஆனாலும் இது நல்ல முடிவு அல்ல. ஒரு நகரத்தின் ஊழலை உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு அந்த நகரத்துக்கு மட்டும் சொல்லாமல் விடுவது, அந்த மக்கள் மறுத்துப் பேசும் உரிமையைப் பறிப்பதுதான்.

மைக்கேல் டிப்டின் பெரூஜியாவில் நான்கு ஆண்டு ஆசிரியராக இருந்தவர். அவருடைய 'ராட்கிங்' (1988) ஆள்கடத்தல் வழக்கு ஒன்றைப் பற்றியது. அந்தக் காலத்து இத்தாலியில் பணக்காரரைக் கடத்திப் பணம் பறிப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. கடத்தப்பட்ட முதலாளி திரும்பி வர வேண்டும் என்று அவர் குடும்பமே மனசார விரும்புகிறதா என்ற கேள்வியை வைத்து நாவலை நடத்துகிறார். விசாரிக்க அனுப்பப்படும் ஔரேலியோ ஸென் வெனிஸ்காரர். பெரூஜியாவில் அவரும் அந்நியர். ஃப்ளாரன்ஸில் குடியேறிய இங்கிலாந்துப் பெண் மாக்டலன் நாப் எழுதிய மார்ஷல் குவார்னாச்சியா சிசிலிக்காரர். இரண்டு எழுத்தாளர்களும் தங்கள் அந்நியத்தன்மையை மறைக்காமல் நாயகனிடமே கொடுத்துவிட்டார்கள். புரியாமல் நிற்பதற்கும் முட்டாள்தனமாகக் கேட்பதற்கும் அந்த நாயகர்களுக்கு உரிமை இருக்கிறது. புருனெட்டிக்கு அந்த உரிமை இல்லை; அவர் எல்லாம் தெரிந்த வெனிஸ்காரர். இதனால்தான் லியோனைவிட டிப்டின் ஒரு படி மேல் என்று சொல்வேன்.

பிரெஞ்சுக் கிராமம், ஒயின், சந்தை, சமையல், நடுவில் சுமாரான ஒரு கொலை என்று எழுதப்படும் தொடர்கள் இன்று குவிகின்றன. விடுமுறைப் பயணத்துக்குக் கையேடாக அவை பயன்படும். அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

சட்டமே கொலைகாரனாக மாறிய நாடுகளைப் பற்றி எழுதியவர்கள் வேறு ரகம். ஜேம்ஸ் மக்ளூர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, குற்றச் செய்தியாளராக வேலை பார்த்து, 1965-இல் பிரிட்டனுக்குப் போனவர். தூரத்தில் இருந்து சொந்த நாட்டைப் பார்த்து எழுதிய 'தி ஸ்டீம் பிக்' (1971) நாவலில், வெள்ளை இன கிராமரும் ஜூலு இன ஸோண்டியும் சேர்ந்து விசாரிக்கிறார்கள். கூராக்கிய சைக்கிள் சக்கரக் கம்பியால் குத்திக் கொல்லப்பட்ட ஓர் இளம்பெண்ணின் வழக்கு. அவள் வெள்ளைக்காரியாக வாழ்ந்தவள்; அவள் குடும்பத்தையோ அரசு கலப்பினம் என்று மறுவகைப்படுத்தியிருந்தது. 1950-இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் இல்லையென்றால் அந்தக் கொலையே இல்லை. நிறவெறிச் சட்டம் ஒரு வீட்டுக்குள் புகுந்து என்ன செய்யும் என்பதைப் பல வரலாற்று நூல்களைவிட இந்தச் சிறிய நாவலில் நான் தெளிவாகக் கண்டேன். எடின்பரோவில் பிறந்த ஃபிலிப் கெர், 1936-இன் பெர்லினில் தொடங்கும் 'மார்ச் வயலட்ஸ்' (1989) நாவலில் இதே தீவிரத்தைத் தொட்டார். அரசே கொல்லும் ஊரில் ஒரு தனிக் கொலையை விசாரிப்பதற்கு என்ன அர்த்தம் என்று அதன் நாயகன் பெர்னி குந்தர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கடைசியாக போட்ஸ்வானா. அலெக்சாண்டர் மக்கால் ஸ்மித் இன்றைய ஜிம்பாப்வேயின் புலவாயோவில் பிறந்தவர். போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தில் சட்டத் துறையை உருவாக்க உதவியவர். சட்டமும் தெரியும், ஊரும் தெரியும். 1998-இல் தொடங்கிய மா ராமோட்ஸ்வே என்ற துப்பறிவாளரைப் பற்றிய அவருடைய நாவல்கள் பல லட்சம் பிரதிகள் விற்றன. அன்பும் நாகரிகமும் நிறைந்த ஆப்பிரிக்காவைக் காட்டினார். பஞ்சமும் போரும் மட்டுமே ஆப்பிரிக்கா என்று நினைத்தவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் எய்ட்ஸ் அந்த நாட்டை உலுக்கிய ஆண்டுகளில், அந்த நோய் இந்த நாவல்களில் பெயர் சொல்லாமல் ஓரமாகக் கடந்துபோகிறது.

அதே நாட்டின் உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியானவர் யூனிட்டி டவ். அவர் 2002-இல் எழுதிய 'தி ஸ்க்ரீமிங் ஆஃப் தி இன்னசன்ட்', மாந்திரீகத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றியது. காட்டு விலங்கு கொன்றது என்று சொல்லிப் போலீஸ் கோப்பை மூடுகிறது. ஆண்டுகள் கழித்து ஓர் அரசு மருத்துவ நிலையத்தில் அவளுடைய உடைகள் இருந்த பெட்டி வெளிப்படுகிறது. செய்தவர்கள் ஊரின் பெரிய மனிதர்கள். யூனிட்டி டவ் எழுதியதில் மக்கால் ஸ்மித்தின் நயம் இல்லை. படித்து முடிக்கவே மனம் கனக்கிறது. உலகம் முழுவதும் மா ராமோட்ஸ்வேயை அறிந்திருக்க, இந்த நாவலை அறிந்தவர்கள் சிலரே. அந்த நாட்டைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் இரண்டையும் படிக்க வேண்டும்; ஒன்றுதான் முடியும் என்றால் யூனிட்டி டவ்வைப் படிக்க வேண்டும்.

அயலவர் எழுதும் குற்ற நாவல் உள்ளூர்க்காரர் எழுதுவதை உலகச் சந்தையில் மறைத்துவிடுகிறது என்ற குறைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். கீட்டிங் கோட்டேயை உருவாக்குவதற்கு முப்பது ஆண்டு முன்பே, 1932-இல், வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்யாய் வ்யோம்கேஷ் பக்ஷியைப் படைத்திருந்தார். இந்தியத் துப்பறிவாளரைத் தேடிய ஆங்கில வாசகர் கைக்குக் கிடைத்தவரோ கோட்டே.

தமிழில் இந்தப் போக்குவரத்து இரு திசையிலும் நடந்திருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்தில் இங்கிலாந்துக் குற்றக் கதைகள் தமிழ் மண்ணுக்குக் குடிபெயர்ந்தன. பெயரும் ஊரும் சாதியும் மாறி நம் கதைகளாயின. பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் விமானம் ஏறி நாடு நாடாகப் போனார். வெளிநாட்டைக் கண்ணால் காணும் வாய்ப்பில்லாத ஒரு தலைமுறைக்கு அந்த நாவல்கள் பெரிய கிளர்ச்சி. எனினும் என் கேள்வியை அவற்றிடம் கேட்டால், சங்கர்லால் பிடித்த குற்றவாளிகள் எந்த நாட்டிலும் இருந்திருக்கலாம். அந்த நாடுகளின் போலீஸும் நீதிமன்றமும் கதைக்குள் வரவில்லை.

இப்போது நிலைமை வேறு. டொரன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களாக, செவிலியராக, டாக்சி ஓட்டுநராக, இரவுக் காவலாளியாக, வழக்கறிஞராக வேலை பார்க்கிறார்கள். அகதி விண்ணப்பக் கோப்பு எந்த மேசையில் தேங்கும், சம்பளம் தராத முதலாளிமேல் புகார் கொடுக்க விசா இல்லாதவர் ஏன் போலீஸுக்குப் போகமாட்டார், எந்தச் சாட்சி எதற்குப் பயந்து வாயை மூடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். வான் குலிக்கும் குரூஸ் ஸ்மித்தும் தேடிப்பிடித்த அறிவு அவர்களிடம் அன்றாட வாழ்க்கையாகவே இருக்கிறது. அவர்களில் எழுதத் தெரிந்தவர்களிடம் என் வேண்டுகோள்: அந்த ஊர்களின் குற்ற நாவல்களைத் தமிழில் எழுதுங்கள்.